கென்ஸோ வீட்டுக் கூரையில் இருந்தது

ஜப்பானில், யாய்ஸு துறைமுகத்துக்குப் பின்னால், குன்றை ஒட்டிப் போகும் அந்த ஒரு தெருவில் மட்டும் யபுசாகி நோரியோ ஏன் கூலி வாங்குவதில்லை? பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டு டிவியைச் சரிபார்த்தால் வாங்குவார். மீன் சந்தைப் பக்கம் போனால் வாங்குவார். அவர் குடியிருந்த தெருவின் வீடுகளுக்கு மட்டும் ஏணியைத் தூக்கிக்கொண்டு சும்மா போவார், சும்மா வருவார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடமே கேட்டேன். "பழக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். பின்னால் பதில் கிடைத்தபோது, அந்தப் பதில் அவருக்கே பொய்யாகிப் போயிருந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1979இல் நோரியோவுக்கு இருபத்தைந்து வயது. பகலில் சூரை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். மாலையானால் ஹாம் ரேடியோ, வீட்டிலிருந்தே உலகம் முழுக்க ஆட்களோடு பேசும் பொழுதுபோக்கு வானொலி. அரசாங்கத்தில் தேர்வெழுதி உரிமம் வாங்கி, முறையாகப் பதிவு செய்து நடத்தியது. வீட்டுக் கூரையில் ஏழு மீட்டர் நீளக் குழாய்கள் மூன்று குறுக்கே நீண்டிருக்கும். துறைமுகத்தில் நின்று பார்த்தாலும் அந்த ஆன்டெனா தெரியும். "துணி காயப்போட நல்லாத்தான் இருக்கும், எட்டத்தான் மாட்டேங்குது" என்பார் அவருடைய அம்மா. சிலியில் ஒரு பல் மருத்துவர், பப்புவாவில் ஒரு பாதிரியார், ஃபின்லாந்தில் ஒரு ரயில்காரர் என்று பேசிய ஆட்களெல்லாம் அனுப்பிய அட்டைகள் அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன.

அந்த வருடம் துறைமுகத்தின் மீன்பிடி வானொலி நிலையத்துக்கு ஆள் எடுத்தார்கள். நடுக்கடலில் மாதக்கணக்கில் கிடக்கும் சூரைக் கப்பல்களோடு பேசும் வேலை. புயல் வருகிறது என்று சொல்வது, குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்வது. நோரியோ எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஏப்ரலில் நேர்காணல். அந்த நாற்காலியில் உட்காரப் பிறந்தவன் நான்தான் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்ததை என்னிடம் சொல்லும்போது, அறுபதை நெருங்கிய வயதிலும் அவருக்கு வெட்கம் வந்தது.

தெருக்கோடியில், மூங்கில் காட்டுக்கு முதுகைக் காட்டி நின்ற வீடு இசோபே கென்ஸோவுடையது. அவர் மீன் லாரி ஓட்டுபவர். யாய்ஸுவிலிருந்து டோக்கியோ, நகோயா என்று போய்வருவார். நோரியோவுக்கு ஐந்து வயது மூத்தவர். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத நோரியோவுக்கு அவர்தான் அண்ணன். லாரியை நிறுத்திவிட்டுத் தெருவில் நடந்து வரும்போதே குரல் கொடுப்பார்.

"டேய் நோரி! இன்னிக்கு எந்த ஊர்க்காரன் மாட்டினான்?"

"சிலிண்ணே. பல் டாக்டர்."

"என் கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். புடுங்கணுமாம். நேர்ல வரச் சொல்றார்."

இப்படி இருந்தார்கள்.

முந்தின இலையுதிர் காலத்திலிருந்தே அந்தத் தெருவில் டிவிக்கு ஒரு நோய் பிடித்திருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கச் சாய்வாகக் கோடுகள் விழும். ஒலிபெருக்கியில் வாத்து கத்துகிற மாதிரி ஒரு குரல் வரும். மனிதக் குரல்தான், ஆனால் ஒரு சொல்லும் பிடிபடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். எல்லோரும் ஒரு தடவை நோரியோ வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்ப்பார்கள். அதோடு விட்டுவிடுவார்கள்.

மார்ச் மாத சுமோ போட்டியின் கடைசி நாள் அப்படி விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மல்லர்கள் சமமாக நின்று, கடைசிப் பிடிதான் கோப்பை யாருக்கு என்று தீர்க்கப் போகிறது. பன்னிரண்டு வீட்டிலும் டிவி. இரண்டு பேரும் உப்பைத் தூவிவிட்டுக் குனிந்து, கையைத் தரையில் ஊன்றினார்கள். அவ்வளவுதான். கோடு, கோடு, கோடு, வாத்து. படம் திரும்பி வந்தபோது ஒருவர் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

தெருச் சங்கத் தலைவர் மகிதா செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். நோரியோ தலை ஈரத்தோடு கதவைத் திறந்தார்.

"ஐயா, நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். ரேடியோப் பெட்டி அணைஞ்சுதான் இருக்கு. வேணும்னா தொட்டுப் பாருங்க, சூடே இல்ல. இந்தக் குறிப்பு நோட்டைப் பாருங்க. இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு அப்புறம் நான் பேசவே இல்ல."

"நோட்டு யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நானும் ஒரு நோட்டு எழுதுறேன். மகிதாவுக்கு இருபது வயசு, தலை நிறைய முடின்னு. நம்புவியா?"

பின்னால் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மகிதா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வீடு வீடாகக் கைமாறிப் போகும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருந்தது. வானொலி அலைகளால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தர வேண்டாம் என்று பணிவான நடையில் எழுதியிருந்தார்கள். யார் பெயரும் இல்லை. பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பதினோரு வீட்டு முத்திரைகள் கீழே வரிசையாகச் சிவப்பில் விழுந்திருந்தன. கடைசியாக வந்தது நோரியோ வீட்டுக்கு.

நோரியோவின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "துண்டு வாங்கிட்டு வா. பதினொண்ணு" என்றார்.

"அப்பா, நான் பண்ணலை."

"யார் பண்ணாங்கன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல போய்த் தலையைக் குனி. குனிஞ்சாத்தான் பேசவே விடுவாங்க."

எங்கள் ஊரில் இப்படித்தான், வீட்டுக்கு ஒரு துண்டைக் கையில் கொடுத்துத் தலையைக் குனிவார்கள். முதலில் மன்னிப்பு, பிறகுதான் விசாரணை. மன்னிப்புக் கேட்ட பிறகு விசாரிக்க என்ன மிச்சம் இருக்கும் என்று நோரியோ வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

அன்று மாலை கென்ஸோ வாசலில் வந்து நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"தனியா போகாதடா. நானும் வர்றேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை?"

"பையையாவது தூக்கறேன். நீ தலையைக் குனியறப்போ துண்டெல்லாம் கீழ கொட்டினா இன்னும் கேவலம்."

பத்து வீடுகளிலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நின்றார்கள். நோரியோ குனிந்தபோது கென்ஸோவும் குனிந்தார். நோரியோவைவிட ஆழமாகக் குனிந்தார். "சின்னப் பையன், தெரியாம நடந்துடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்று நோரியோ சொல்ல முடியாமல் திணறிய இடங்களில் அவரே சொன்னார். பதினோராவது வீடு கென்ஸோவுடையது. பையில் கடைசித் துண்டு இருந்தது. கென்ஸோ உள்ளே போய், திரும்பி நின்று, வீட்டுக்காரர் மாதிரி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கையை நீட்டினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நோரியோவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இப்படி ஒரு அண்ணன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று நினைத்தாராம்.

மறுநாள் ஆன்டெனாவைக் கழற்றினார். ஏணியைப் பிடித்தது கென்ஸோ.

அன்றோடு தெருவில் டிவி நோய் நின்றது. ஒரு கோடு இல்லை, ஒரு வாத்து இல்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம். நோரியோ தன் குறிப்பு நோட்டை எடுத்து எடுத்துப் பார்த்தார். அணைத்ததாக நினைத்துக்கொண்டு அணைக்காமல் இருந்தோமா? பெட்டிக்குள் ஏதாவது கோளாறாகி, தானாகவே அலையை விட்டுக்கொண்டிருந்ததா? மகிதா சொன்னதும் சரிதான், நோட்டை எழுதியது தானே. மெல்ல மெல்ல அவரும் நம்பிவிட்டார். பதினோரு வீட்டு டிவியைக் கெடுத்தவன் கப்பல்காரர்களின் உயிரை எப்படிக் காதில் வாங்குவான் என்று நேர்காணலுக்குப் போகவில்லை. பெட்டியையும் அட்டைகளையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மின்சாதனக் கடையில் வேலைக்குச் சேர்ந்து டிவி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். முப்பது வயதில் சொந்தக் கடை. சயோகோவைக் கல்யாணம் செய்துகொண்டார். தன் தெருவில் யார் டிவி கெட்டாலும், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போவார். கூலி கிடையாது. பட்ட கடனை இப்படித்தான் தீர்க்க முடியும் என்பது அவர் கணக்கு.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவருக்கு வேலை இருந்ததில்லை. "எங்க வீட்டுக் கூரைக்கு நானே ஏறிக்கறேன்" என்பார் கென்ஸோ. "ஊருக்கெல்லாம் சும்மா உழைக்கிறே, நானுமா உன்னைப் படுத்தணும்?" இதையும் நோரியோ அன்பு என்றே எடுத்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருடம் போயிற்று.

2011 ஜூலையில் பழைய டிவி ஒளிபரப்பை நாடு முழுக்க நிறுத்தப் போகிறார்கள், வடகிழக்கில் சுனாமி அடித்த மாவட்டங்களைத் தவிர. இருபத்துநாலாம் தேதி நண்பகலுக்குப் பிறகு புது ஆன்டெனா இல்லாத வீட்டில் படம் வராது. நோரியோவுக்கு மூச்சு விட நேரமில்லை. அந்த மாதம் முதல் வாரத்தில், கென்ஸோவின் மனைவி கினுவே கடைக்கே வந்தார்.

"நோரி தம்பி, ஓபோன் பண்டிகைக்கு மகளும் பேரப் பிள்ளைங்களும் வர்றாங்க. மாடி அறையில ஒரு டிவி வேணும். இவர்கிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அறுபத்திரண்டு வயசுல கூரை ஏறுவாராம். ஏறினா நான்தான் கீழ நின்னு பொறுக்கணும்."

"நான் வர்றேன் அண்ணி."

"மாடியில படுக்கை வைக்கிற அலமாரிக்குள்ள, சுவர்லேந்து ஒரு கறுப்பு கேபிள் நீட்டிக்கிட்டு நிக்குது. மேலே கூரைக்குத்தான் போகுது. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சு. அதையே வச்சு மாட்டிடேன். சுவரைப் புதுசா ஓட்டை போட வேண்டாம்."

வியாழக்கிழமை மதியம் போனார். கென்ஸோ அப்போது மீன் சந்தை வாசலில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குத்தான் வருவார். நோரியோ மாடிக்குப் போய், போர்வைகளை நகர்த்தி, அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தார்.

கேபிளின் முனையில் திருகி மாட்டும் தடித்த உலோகத் தலை. டிவி கேபிளுக்கு அப்படி ஒரு தலை இருக்காது. உறையைத் துடைத்தார். எழுத்தைப் படித்தார். டிவிக்குப் போடுவது எழுபத்தைந்து ஓம் கேபிள். இது ஐம்பது ஓம். பேசுகிறவர்கள், அதாவது அலையை வெளியே அனுப்புகிறவர்கள் போடுவது. எழுத்துக்குப் பக்கத்தில் தயாரித்த வருடம்: 1978.

அதற்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைப் பெயின்ட் வளையம் இருந்தது.

அந்த வளையத்தை அவருக்குத் தெரியும். கேபிள் சுருள் வாங்கினால் ஐந்து மீட்டருக்கு ஒரு வளையம் தீட்டி வைப்பது இருபதுகளில் அவருக்கு இருந்த பழக்கம். 1978 கோடையில் தன் ஆன்டெனாவுக்குப் போக மிஞ்சிய சுருளைக் கென்ஸோ கேட்டு வாங்கியது நினைவுக்கு வந்தது. மாடியில் டிவி வைக்கப் போகிறேன் என்றார். "இது டிவிக்கு ஆகாதுண்ணே, படம் கொஞ்சம் மங்கும்" என்று இவர் சொல்ல, "மங்கினா மங்கட்டும், நான் என்ன அழகியையா பார்க்கப் போறேன்" என்று சிரித்து வாங்கிப் போனார். மாடியில் டிவி வைக்கவே இல்லை.

நோரியோ கூரைக்கு ஏறினார். தெருவைப் பார்த்த சரிவில் சாதாரண டிவி ஆன்டெனா, மீன் முள் மாதிரி. உச்சியைத் தாண்டி, மூங்கில் காட்டைப் பார்த்த பின்பக்கச் சரிவில் ஒரு குட்டைக் கம்பம். அதன் தலையிலிருந்து மூன்று கம்பிகள் குடையைப் பாதி விரித்த மாதிரி கீழே சாய்ந்திருந்தன. நடுவில் மேல்நோக்கி நிற்க வேண்டிய நாலாவது கம்பியை யாரோ ரம்பத்தால் அடியோடு அறுத்திருந்தார்கள். தெருவிலிருந்து தெரியக்கூடியது அந்த ஒரு கம்பிதான், அதுவும் மூங்கிலோடு மூங்கிலாக. அறுத்த இடமும் பழைய துருவேறிக் கறுத்திருந்தது.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் நாடாவை எடுத்தார். தெரிந்ததையும் அளந்துதான் சொல்ல வேண்டும் என்பது அவர் தொழில். ஒரு கம்பி இரண்டு மீட்டர் அறுபத்தைந்து. அடுத்ததும் அதே. மூன்றாவதும் அதே. அந்த நீளத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எழுபதுகளில் லாரிக்காரர்கள் திருட்டுத்தனமாகப் பேசிய அலைவரிசைக்கு வேண்டிய கம்பியின் நீளம் அது. உரிமம் கிடையாது. சட்டம் அனுமதித்ததைப் போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு சக்தியைக் கூட்டி, நெடுஞ்சாலையில் ஓடும் கூட்டாளிகளை வீட்டிலிருந்தே கூப்பிடுவார்கள். அப்படிப் பேசினால் சுற்றியுள்ள டிவிகளில் சாய்வாகக் கோடுகள் விழும். ஒலிபெருக்கியில் வாத்து கத்தும்.

அவர் கூரை உச்சியில் உட்கார்ந்தார். ஓடு கொதித்தது. தெருவின் மற்றப் பதினோரு கூரைகளும் தெரிந்தன. பதினொன்றிலும் இருந்த ஆன்டெனாக்கள் அவர் கை வைத்தவை.

"தம்பி, பழசு உதவுமா?" என்று கினுவே கீழேயிருந்து கேட்டார்.

"உதவும் அண்ணி."

கை தன்பாட்டில் வேலையைச் செய்தது. மூன்று கம்பிகளையும் கழற்றி இறக்கினார். அதே கம்பத்தில் புது டிஜிட்டல் ஆன்டெனாவை மாட்டி, ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் பக்கம் திருப்பினார். கேபிளின் இரண்டு முனையையும் வெட்டி, டிவிக்கான தலையைப் போட்டார். பத்து மீட்டருக்கு ஐம்பது ஓம் கேபிளால் பெரிய நஷ்டம் இல்லை. மாடி டிவியில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. முப்பத்துமூன்று வருடம் கழித்து, கென்ஸோ சொல்லி வாங்கிய காரணத்துக்கே அந்தக் கேபிள் பயன்பட்டது. கினுவே கைதட்டினார்.

பிறகு நோரியோ மூன்று கம்பிகளையும் முற்றத்தில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

கென்ஸோ நாலேகாலுக்குக் கையில் ஒரு பை கத்தரிக்காயோடு வந்தார். கம்பிகளைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"என்னடா இது, பழைய டிவி ஆன்டெனாவா?"

"ரெண்டு மீட்டர் அறுபத்தஞ்சுண்ணே."

கென்ஸோ கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். அந்த எண் புரியாதவர் மாதிரி நடிக்கக்கூட அவர் முயற்சி செய்யவில்லை. அதுதான் நோரியோவுக்கு முதலில் வலித்தது.

"சுமோ அன்னிக்கு?"

"அன்னிக்கு ஹமமட்ஸுவில எங்க பசங்க வண்டி பனியில வழுக்கி நின்னுடுச்சு. கூப்பிட்டானுங்க. பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

"மார்ச் மாசம் ஹமமட்ஸுவில பனியா? அங்க ஜனவரியிலயே விழாதே."

கென்ஸோ தரையைப் பார்த்தார். "சும்மாதான் பேசிக்கிட்டு இருந்தோம்."

"நான் கழட்டின பிறகு நீங்களும் நிறுத்திட்டீங்க."

"நிறுத்தாட்டி தெரிஞ்சுடுமே."

"துண்டு குடுக்கப் போனப்போ எதுக்குண்ணே கூட வந்தீங்க?"

"நீ தனியா போறதைப் பார்க்க மனசு கேட்கலைடா. சத்தியமா."

"மனசு கேட்கலைன்னா வாயைத் திறந்திருக்கலாமே!"

"திறந்தா என் லாரி போயிருக்கும். போலீஸ் அந்த வருஷம் எத்தனை பேரைப் புடிச்சான் தெரியுமா? எனக்கு அது சோறு, நோரி. உனக்கு அது விளையாட்டு."

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றிருந்தது. கினுவே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இருவருக்குமே தெரிந்தது.

மீன்பிடி வானொலி நிலையத்தைப் பற்றி நோரியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கென்ஸோவுக்கு அது தெரியாமல் இல்லை. நேர்காணலுக்குப் போட்டுக்கொள் என்று தன் கறுப்பு டையை இரவல் தந்தவரே அவர்தான்.

"அண்ணே, ஒண்ணுதான் கேட்கறேன். அந்த நாள் ஆட்கள் ஆறு வீட்டுல இன்னும் இருக்காங்க. இருபத்துநாலாம் தேதி சாக்கடை சுத்தம் பண்ண எல்லாரும் வருவாங்க. அப்ப சொல்லிடுங்க. நோரி பண்ணலை, நான்தான்னு. அவ்வளவுதான். அதுக்கு மேல எதுவும் வேண்டாம்."

"சொல்றேன்" என்றார் கென்ஸோ. "கண்டிப்பா சொல்றேன்டா."

இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் தெரு முழுக்க மண்வெட்டியும் ரப்பர் பூட்ஸுமாக இறங்கிச் சாக்கடையைத் தூர்வாரினார்கள். கென்ஸோ வந்தார். நோரியோவிடமிருந்து நாலு ஆள் தள்ளி நின்று வேலை செய்தார். வேலை முடிந்ததும் மகிதா எல்லோரையும் தன் கார் கொட்டகைக்குக் கூப்பிட்டார். அவருக்கு எழுபத்தேழு வயது, இன்னும் அவர்தான் தலைவர். கொட்டகையில் தர்பூசணியும் ஐஸ் போட்ட பார்லித் தேநீரும் இருந்தன. ஒரு மர முக்காலியில் அவருடைய பழைய பெட்டி டிவி. நண்பகலில் பழைய ஒளிபரப்பு நிற்பதை எல்லோரும் சேர்ந்து பார்த்து வழியனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை.

பன்னிரண்டு அடிக்கப் பத்து விநாடி இருக்கும்போது கூட்டம் சத்தமாக எண்ண ஆரம்பித்தது. பத்து, ஒன்பது, எட்டு. நோரியோ திரையைப் பார்க்கவில்லை. கென்ஸோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று, இரண்டு, ஒன்று. படம் போய், ஒளிபரப்பு முடிந்தது என்ற அறிவிப்பு மட்டும் நீலத்தில் நின்றது.

"ஐயோ போச்சு!" என்றார் மகிதா. "டேய் நோரி, உன் வேலையா இது?"

கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கென்ஸோவின் குரல் வந்தது.

"இந்தத் தடவை அவன் ஆன்டெனாவைக் கழட்டினாலும் படம் வராதுங்க!"

இன்னும் பெரிய சிரிப்பு. யாரோ கென்ஸோவின் முதுகில் தட்டினார்கள். கென்ஸோ சிரித்துக்கொண்டே தர்பூசணித் துண்டை எடுத்துக் கடித்தார்.

நோரியோ தேநீர்க் கோப்பையை முக்காலியில் வைத்தார்.

"அது நான் இல்லீங்க."

"எது?" என்றார் மகிதா.

"அந்த சுமோ அன்னிக்கு அலையை விட்டது நான் இல்ல. கென்ஸோ அண்ணன். அவர் வீட்டுக் கூரையில அந்த ஆன்டெனா இருந்துச்சு. நானே கழட்டினேன். அளந்து பார்த்தேன். கேட்டேன், ஒத்துக்கிட்டார்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் கென்ஸோவைப் பார்த்தார்கள். கென்ஸோ வாயில் இருந்த விதையைக் கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசையெல்லாம் இப்ப எதுக்குடா நோரி" என்றார்.

இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட அது போதுமானதாக இருந்தது. ஒருவர் துடைப்பத்தை எடுத்துச் சுத்தமாக இருந்த தரையைப் பெருக்க ஆரம்பித்தார். கினுவே கோப்பைகளைப் பொறுக்கி அடுக்கினார். மகிதா எழுந்து வந்து நோரியோவின் தோளில் கை வைத்தார். அவர் கை நிஜமான பரிவோடுதான் இருந்தது.

"இத்தனை வருஷமா அதையேவா நினைச்சுக்கிட்டு இருக்கே? நாங்க எல்லாரும் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டோம்பா. இந்தா, இன்னொரு துண்டு தர்பூசணி சாப்பிடு."

நோரியோ அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் சயோகோ எல்லாவற்றையும் கேட்டார். "அந்தத் துண்டு பதினொண்ணையும் திருப்பிக் கேளுங்க" என்றார் கோபத்தோடு. அழுதது நோரியோ இல்லை, அவர்தான். "நான் கல்யாணம் பண்ணி வந்த நாள்லேந்து, நீங்க இந்தத் தெருவுக்குக் கடன் பட்டிருக்கீங்கன்னு நினைச்சு நானும் தலையைக் குனிஞ்சே நடந்திருக்கேனே!"

ஓபோன் முடிந்து மகள் குடும்பம் கிளம்பிப் போன பிறகு, கினுவே ஒரு நாள் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்குக் கொட்டகையில நான் வாயைத் திறந்திருக்கணும் தம்பி. எல்லாத்தையும் கேட்டவ நான்."

"இப்பவும் சொல்லலாம் அண்ணி. ஆறு வீடும் அங்கேயேதான் இருக்கு."

கினுவே கண்ணாடி அலமாரியில் இருந்த பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் காலத்துக்கு அப்புறம் சொல்றேன்."

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கென்ஸோவுக்கு உடம்பு திடமாக இருக்கிறது. மகிதாவுக்கோ வயது எண்பதைத் தொடப் போகிறது. அந்த ஆறு வீட்டில் இரண்டு வீட்டு ஆட்கள் இதற்குள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள். கினுவே சொல்லும் நாளில் கேட்பதற்கு யார் இருப்பார்கள்?

இப்போதும் அந்தத் தெருவில் டிவி கெட்டால் நோரியோவைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறார். மற்ற இடங்களில் வாங்குகிற கூலியை அங்கேயும் வாங்குகிறார். "நோரி மாறிட்டார்" என்று சொல்கிறார்கள். ஏன் மாறினார் என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். யாய்ஸு பக்கம் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லும்போது பெயரை விட்டுவிடாதீர்கள். 1979 மார்ச்சில் அந்தத் தெருவின் டிவியைக் கெடுத்தது யபுசாகி நோரியோ அல்ல. அவர் அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தார்.